சபையில சாமி பேச்சு எடுக்கலாமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு. நம்பிக்கை உள்ளவங்க, இல்லாதவங்க, வேற நம்பிக்கை உள்ளவங்க எல்லாரும் கலந்து வாழ்ற இடத்துல நல்லது கெட்டதைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் சாமி கும்பிடறவ, செவ்வாய்க்கிழமைன்னா முருகன் கோயிலுக்குப் போயிடுவேன், ரொம்ப வருஷம் வக்கீலா கோர்ட்டுக்கும் போனவ. ரெண்டும் என் பதில்கள்ல தெரியும்.

கேள்வி: சென்னையில ஐடி கம்பெனியில வேலை பாக்குறேன். லஞ்ச்ல எல்லாரும் வீட்டு லோன், ஈஎம்ஐன்னு பேசுவாங்க. நீ ஏன் இன்னும் ஃபிளாட் வாங்கலன்னு கேட்டா, எங்க மார்க்கத்துல வட்டி ஹராம்னு சொல்லுவேன். அவ்ளோதான், ஒருத்தர் சிரிப்பார், இன்னொருத்தர் பேச்சை மாத்துவார். லிவிங் டுகெதர் பத்தி பேச்சு வந்தாலும் இதே கதைதான். இப்பல்லாம் வாயே திறக்கறதில்ல. மதச்சார்பற்ற நாடுன்னா மதத்தை வீட்டுலயே விட்டுட்டு வரணுமா?
- வாசகர், வாணியம்பாடி

வேண்டாம் தம்பி, விட்டுட்டு வர வேண்டாம். நம்ம அரசியல் சட்டம் அப்படி எங்கயும் சொல்லல. 25வது பிரிவுல மனசாட்சி சுதந்திரமும், மதத்தை வெளிப்படையா சொல்ற, கடைப்பிடிக்கிற, பரப்புற உரிமையும் சேர்ந்தேதான் இருக்கு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம்ங்கற வரம்புக்குள்ள. அரசாங்கத்துக்குத்தான் மதம் கிடையாது, உங்களுக்கு இருக்கலாம், லஞ்ச் டேபிள்லயும் இருக்கலாம்.

ஆனா ஹராம்னு ஒரு வார்த்தையோட நிறுத்தினீங்க பாருங்க, அங்கதான் எதிர்ல இருக்கறவருக்கு மேற்கொண்டு பேச வழியில்லாம போச்சு. அவர் குர்ஆனை ஏத்துக்கிட்டவர் இல்ல, அவர் என்ன பதில் சொல்வார்? சரின்னும் சொல்ல முடியாது தப்புன்னும் சொல்ல முடியாது, அதனால சிரிச்சு வைக்கிறார். நீங்க இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசிப் பாருங்க. கடன் குடுத்தவன் எந்த நஷ்டத்துலயும் பங்கு எடுக்காம, வாங்கினவன் மட்டும் வேலை போனாலும் உடம்பு முடியாம படுத்தாலும் கட்டிக்கிட்டே இருக்கணும்ங்கறது நியாயமா, லாபத்துல பங்கு கேக்கறவன் நஷ்டத்துலயும் பங்கெடுக்க வேண்டாமா, இதுதான் எங்க மார்க்கம் கேக்கற கேள்வின்னு சொல்லுங்க. இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல யாரும் முஸ்லிமா இருக்கணும்னு இல்ல. கந்துவட்டியில அழிஞ்ச குடும்பத்தைத் தெரியாத ஊர் தமிழ்நாட்டுல இருக்கா? மீட்டர் வட்டி, கந்துவட்டியைத் தடுக்கத்தான் 2003-ல இங்க தனிச் சட்டமே போட்டாங்க. கிறிஸ்தவ சபையும் பல நூற்றாண்டு வட்டி வாங்கறதைப் பாவம்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. அதனால நீங்க சொல்றது உங்க தெருவுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்ல.

அதே சமயம் அவர் திருப்பிக் கேப்பார், பேங்க் வட்டியும் கந்துவட்டியும் ஒண்ணா, பணவீக்கத்துல காசோட மதிப்பு குறையுதே அதுக்கு என்ன பண்றது, லோன் இல்லாம மாசச் சம்பளக்காரன் எப்படி வீடு வாங்குவான்னு. அதுக்கும் நீங்க காது குடுக்கணும், பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். எங்க இருந்து வந்துச்சு உங்க நம்பிக்கைங்கறதை மறைக்க வேண்டாம், ஆனா அடுத்தவங்க எடுத்துப் பார்த்து எடை போடற மாதிரி ஒரு காரணமும் கூடவே குடுக்கணும். இன்னைக்கு எல்லா கேள்விக்கும் என் பதில் இதைச் சுத்தித்தான் வரப்போகுது.

நம்ம அரசியல் சட்டத்தை எழுதின அரசியல் நிர்ணய சபையிலயே இது நடந்திருக்கு. 1949 அக்டோபர் 17, முகப்புரையை விவாதிக்கிற நாள். சபை உறுப்பினர் எச்.வி. காமத் எழுந்து, கடவுளின் பெயரால்னு ஆரம்பிக்கணும்னு ஒரு திருத்தம் கொண்டு வந்தார். நல்ல மனுஷன், உண்மையான பக்தியோடதான் கேட்டார். எதிர்த்துப் பேசினவங்க எல்லாம் நாத்திகர்கள்னு நினைச்சிடாதீங்க. திருவிதாங்கூர்ல இருந்து வந்த பட்டம் தாணு பிள்ளை, இது நம்பிக்கை விஷயத்துல கட்டாயப்படுத்தறது ஆகாதா, கடவுளை நம்பவும் நம்பாம இருக்கவும் ஒருத்தனுக்கு உரிமை இருக்கேன்னு கேட்டார். எச்.என். குன்ஸ்ரு, கடவுள் பேரைச் சொல்லிக்கிட்டே நாம குறுகின மனசைக் காட்டறோம்னு வருத்தப்பட்டார். பூர்ணிமா பானர்ஜி, கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீங்கன்னு காமத்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. ஆனா அவர் விடல, ஓட்டெடுப்பு நடந்துச்சு, ஆதரவா 41, எதிர்ப்பா 68. சாமி பேச்சு எடுத்ததுக்காக காமத்தை யாரும் சபையை விட்டு அனுப்பல, அவர் கேட்டது எல்லாருக்கும் பொதுவா இருக்க முடியுமாங்கறதைத்தான் விவாதிச்சாங்க. எனக்கு இந்த நாள் ரொம்பப் பிடிச்ச நாள் தம்பி, சட்டக் கல்லூரியில படிச்சப்போல இருந்து.

லிவிங் டுகெதர் விஷயத்துக்கு வர்றேன். அது தப்புன்னு உங்க மார்க்கம் சொல்லுது, உங்களுக்கு அது தப்புதான், அதைச் சொல்லவும் செய்யலாம். ஆனா அப்படி வாழற ஒருத்தர் பக்கத்து நாற்காலியில உக்காந்து சாப்பிடும்போது அவரைக் குத்தறதுக்காக சொல்றதும், ஒரு பேச்சுல உங்க எண்ணம் என்னன்னு கேட்டப்போ சொல்றதும் வேற வேற. நம்ம ஊர்லயே பெரிய பாடம் ஒண்ணு இருக்கு. 2005-ல நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில கல்யாணத்துக்கு முந்தின உறவு பத்தி ஏதோ கருத்து சொன்னாங்கன்னு தமிழ்நாடு முழுக்க கிரிமினல் புகார் மேல புகார் போட்டாங்க. கடைசியில 2010-ல சுப்ரீம் கோர்ட் அந்த 23 வழக்கையும் ரத்து பண்ணிடுச்சு, ஒழுக்கம் பத்தின எண்ணம் ஆளுக்கு ஆள் மாறும், அதுக்காக கிரிமினல் சட்டத்தை எடுக்கக் கூடாதுன்னு. அவங்க சொன்னது தப்புன்னு நினைச்சவங்க எதிர்க்கருத்து எழுதியிருக்கலாம், பத்து மேடை போட்டுப் பேசியிருக்கலாம். வாயை அடைக்கப் பார்த்ததுதான் தப்பு. உங்களைப் பார்த்துச் சிரிச்சு வாயை அடைக்கறவங்களும் சின்ன அளவுல அதேதான் பண்றாங்க, அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். அடுத்த தடவை சிரிச்சா, சிரிக்காம பதில் சொல்லுங்க அண்ணே, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேக்கறேன்னு சொல்லுங்க.

கேள்வி: நான் தேவாரம் ஓதாம காப்பி கூட குடிக்காதவன். என் ஒரே பொண்ணு சுயமரியாதைத் திருமணம்தான் பண்ணிக்குவேன், அக்னி வேண்டாம், மந்திரம் வேண்டாம்னு நிக்கறா. மாப்பிள்ளை நல்ல பையன், அதுல குறை இல்ல. ஆனா சாமி சாட்சி இல்லாத கல்யாணம் கல்யாணமா? நான் போகலாமா?
- வாசகர், கும்பகோணம்

போங்க அய்யா. இதை முதல்ல சொல்லிட்டு அப்புறம் மத்ததைப் பேசறேன், ஏன்னா போகாம இருந்துட்டா அது பின்னாடி சரி பண்ண முடியாது.

சட்டப்படி அது கல்யாணமான்னா முழுக்க கல்யாணம். அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ 1967-ல சட்டசபையில கொண்டு வந்து, இந்து திருமணச் சட்டத்துல 7-ஏன்னு ஒரு பிரிவைத் தமிழ்நாட்டுக்காக சேர்த்தாங்க. உறவுக்காரங்களோ நண்பர்களோ மத்தவங்களோ இருக்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கணவன் மனைவியா ஏத்துக்கறோம்னு அவங்களுக்குப் புரியற மொழியில சொல்லி, மாலை மாத்தினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, செல்லும். அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்னு அதுலயே இருக்கு. 2023-லயும் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவைப் பத்திப் பேசி, ஊரைக் கூட்டி அறிவிச்சாத்தான் கல்யாணம்னு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. கவனிங்க, தாலியை அந்தச் சட்டம் வேண்டாம்னு சொல்லவே இல்ல, பொண்ணுகிட்ட அதைப் பத்தி ஒரு தடவை மெதுவா கேட்டுப் பாருங்க, வற்புறுத்தாம.

ஆனா உங்க வேதனை சட்டத்துல இல்லன்னு எனக்குத் தெரியுது. சாமி சாட்சி இல்லயேன்னுதான் தவிக்கிறீங்க. உங்களுக்கு ஒரு கல்யாணக் கதை சொல்றேன். ஆந்திராவுல கோரான்னு ஒருத்தர், கோபராஜு ராமச்சந்திர ராவ், தீவிர நாத்திகர், 1940-ல நாத்திக மையம்னே ஒண்ணை ஆரம்பிச்சவர். இளவயசுல நம்ம மதுரை அமெரிக்கன் கல்லூரியில தாவரவியல் சொல்லிக்குடுத்தவர்தான். அவர் காந்தியோட ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துக்குப் போய் காந்தியோட பல நாள் உக்காந்து பேசினார். ராமநாமம் சொல்லாம ஒரு நாள் போகாத காந்தி, கடவுளே இல்லங்கற ஒருத்தர்கிட்ட என்ன பேசியிருப்பார்? உன் நாத்திகம் தப்புன்னு என்னால சொல்ல முடியல, என் ஆத்திகம்தான் சரின்னும் சொல்ல முடியல, நாம ரெண்டு பேரும் உண்மையைத் தேடறவங்கங்கற அளவுக்கு அவர் வந்தார். கோரா தன் மூத்த பொண்ணை தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பையனுக்குக் கட்டிக் குடுக்க முடிவு பண்ணினப்போ, அந்தக் கல்யாணத்தை ஆசிரமத்துலயே நானே நடத்தி வைக்கறேன்னு காந்தி சொன்னார். ஆசிரமத்துச் சடங்குல கடவுளின் பெயரால்னு வரும், நாத்திகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதை உண்மையின் பெயரால்னு மாத்திக்கலாம்னு காந்தியே ஒத்துக்கிட்டார். பார்க்க அவருக்குக் குடுத்து வைக்கல, 1948 ஜனவரியில சுட்டுட்டாங்க. ஆனா சொன்னபடி அந்த மார்ச்லயே சேவாகிராமத்துல கல்யாணம் நடந்துச்சு.

காந்தி கோராவுக்காக ராமனை விட்டுடல, கோரா காந்திக்காக பூஜை பண்ணல, ஆனா அந்தப் பொண்ணும் பையனும் ஜாதியை மீறி நேர்மையா சேர்ந்து வாழணும்ங்கறதுல ரெண்டு பேருக்கும் ஒரு கருத்துதான் இருந்துச்சு. உங்க பொண்ணு மேடையில என்ன உறுதிமொழி சொல்லப் போறா? கடைசி வரைக்கும் துணையா இருப்பேன், சமமா நடத்துவேன், ஏமாத்த மாட்டேன், அதானே? அதுல உங்க சைவம் மறுக்கிற ஒரு வார்த்தையாவது இருக்கா? சாமி எல்லா இடத்துலயும் இருக்கார்னு நம்பறவர் நீங்க, மந்திரம் சொல்லலன்னா அந்த மண்டபத்துல மட்டும் இருக்க மாட்டார்னு எப்படி நினைப்பீங்க? முதல் நாள் உங்க வீட்டுல உங்க பதிகத்தை நீங்க பாடுங்க, பொண்ணைப் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. அப்பா பாடறதைக் கேக்கறதுல அவ கொள்கை ஒண்ணும் குறையாது, உக்காந்திரும்மான்னு நான் சொன்னதா சொல்லுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 84 வயசு, நுரையீரல் முழுக்க கெட்டுப் போச்சு, வென்டிலேட்டர்ல இருக்கார். இனி தேற மாட்டார்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. தம்பி கோயில் குளம் எதையும் நம்பாதவன், அப்பாவை இப்படி வதைக்க வேண்டாம், எடுத்துடலாம்ங்கறான். உயிரைக் குடுத்தவர் ஆண்டவர், எடுக்க நாம யாருன்னு நான் அழறேன். ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல. பாவம் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு.
- வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்க கடிதத்தைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடல. இதழ் வர்றதுக்குள்ள என்ன ஆகுமோன்னு நேர்லயும் பதில் அனுப்பிட்டேன், ஆனா இதே நிலைமையில இருக்கற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன்.

நீங்க கத்தோலிக்கர்னு எழுதியிருக்கீங்க. உங்க திருச்சபை இதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பங்குத்தந்தைகிட்ட கேட்டீங்களா? ஏன்னா நீங்க பயப்படற மாதிரி அது சொல்லல. 1957 நவம்பர்ல போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து டாக்டர்கள்கிட்ட பேசினப்போ இதே கேள்விதான் வந்துச்சு, அப்பதான் செயற்கை சுவாசக் கருவி பரவலா வர ஆரம்பிச்ச காலம். சாதாரண சிகிச்சையைக் குடுத்தே ஆகணும், ஆனா நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்க முடியாத பாரமா ஆகிற அசாதாரண சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகணும்னு கடமை இல்லன்னு அவர் சொன்னார். பிற்பாடு வந்த கத்தோலிக்க மறைக்கல்வியிலயும் இதே கருத்து இருக்கு, பலனுக்கு மீறின, பாரமான சிகிச்சையை நிறுத்தறது சாவை விரும்பறது ஆகாது, சாவைத் தடுக்க முடியலன்னு ஏத்துக்கறதுதான்னு. ஊசி போட்டு உயிரை எடுக்கறதை திருச்சபை எப்பவுமே ஒத்துக்காது, சாப்பாடு தண்ணி நிறுத்தறதையும் வேற மாதிரிதான் பார்க்குது. வென்டிலேட்டர் அதுல எந்தப் பக்கம் வரும்ங்கறது அப்பாவோட நிலைமையைப் பொறுத்தது, டாக்டரையும் ஃபாதரையும் ஒரே நேரத்துல வெச்சுக் கேளுங்க.

இப்ப தம்பி பக்கம் வாங்க. அவர் என்ன சொல்றார்? அப்பாவுக்கு வேதனை வேண்டாம்னு சொல்றார். அப்பாவைக் கொல்லலாம்னு அவர் சொல்லல, நீங்களும் அப்பாவை வதைக்கலாம்னு சொல்லல. உங்க ஆண்டவர் பேரை எடுத்துட்டுப் பார்த்தாலும், அப்பாவோட உயிர் நம்ம வசதிக்கோ ஆஸ்பத்திரி பில்லுக்கோ ஏத்தபடி முடிவு பண்ற பொருள் இல்லங்கறதுதான் உங்க கவலை, அது அவருக்கும் புரியற கவலைதான். அதை அந்த வார்த்தையிலயே அவர்கிட்ட சொல்லுங்க. பணத்துக்காக அவசரப்படறோமோன்னு பயமா இருக்குடான்னு சொல்லுங்க. அவர் தரப்புல இருந்து வர்ற பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, சுப்ரீம் கோர்ட் 2011-ல ஒரு வழக்குலயும், அப்புறம் 2018 மார்ச் 9-ல ஐந்து நீதிபதிகள் பெஞ்சுலயும், தேற வழியே இல்லாத நிலையில உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கறதை அனுமதிச்சிருக்கு. அதுக்கு வழிமுறை இருக்கு, யாரும் போய் பிளக்கைப் பிடுங்கிட முடியாது. 2023 ஜனவரியில அந்த வழிமுறையைக் கொஞ்சம் எளிமையாக்கினாங்க, ஆஸ்பத்திரியிலயே ஒரு முதல் மருத்துவக் குழு, அதுக்கு மேல இரண்டாவது குழு, ரெண்டும் பார்த்துச் சொல்லணும், முடிஞ்ச வரை 48 மணி நேரத்துக்குள்ள, குடும்பத்தோட சம்மதமும் வேணும். ஒருத்தர் நல்லா இருக்கும்போதே எனக்கு இப்படி ஆனா இது இது வேண்டாம்னு ரெண்டு சாட்சி வெச்சு, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் முன்னால எழுதி வெச்சுட்டா அதுவும் செல்லும். உங்க அப்பா அப்படி எழுதி வெக்கல, ஆனா வாய்விட்டு ஏதாவது சொல்லியிருக்காரா, யாரோட கடைசி நாளைப் பார்த்தாவது, எனக்கு இப்படி வேண்டாம்பான்னோ, கடைசி மூச்சு வரைக்கும் போராடணும்னோ? அக்கா தம்பி ரெண்டு பேரும் உக்காந்து அதை ஞாபகப்படுத்திப் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் உங்க கொள்கையைப் பேசறீங்களே ஒழிய அவர் என்ன விரும்பியிருப்பார்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்லம்மா, அதான் என்னை உறுத்துச்சு.

இந்தக் கேள்வி ஒரு மதத்தோட கேள்வியும் இல்ல. சமணர்கள் சாகற வரைக்கும் இருக்கற சந்தாராங்கற உண்ணா நோன்பை 2015 ஆகஸ்ட்ல ராஜஸ்தான் ஹைகோர்ட் தற்கொலைன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதே மாசம் கடைசியில சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வெச்சுடுச்சு. நம்ம பழைய தமிழ் ராஜா கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதை இன்னைக்கும் பள்ளிக்கூடத்துல படிக்கறோம். சாவை எப்படி ஏத்துக்கறதுன்னு மனுஷங்க ரொம்ப காலமா யோசிக்கிறாங்க, உங்க தம்பியும் அவர் வழியில யோசிக்கிறார், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாதவர்ங்கறதால அப்பா மேல பாசம் கம்மின்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

கேள்வி: மதத்தை வெச்சுத்தானே தீண்டாமையை நியாயப்படுத்தினாங்க? அப்படிப்பட்டவங்க இன்னைக்கு வந்து ஒழுக்கம் பேசினா நாங்க ஏன் கேக்கணும்?
- வாசகர், விழுப்புரம்

கோபம் நியாயமானது. நான் கும்பிடற சாமி பேரைச் சொல்லித்தான் கோயில் வாசல்ல ஆளுங்களை நிறுத்தி வெச்சாங்க, தெருவுல நடக்க விடல, கிணத்துல தண்ணி எடுக்க விடல. இன்னைக்கும் சில ஊர்ல திருவிழா வந்தா கலெக்டரும் போலீசும் வந்து பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கு. பக்தி உள்ளவங்க இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கக் கூடாது. சாமி சொன்னார்ங்கற ஒரே பதிலோட எந்தப் பேச்சையும் முடிக்கக் கூடாதுன்னு நான் பிடிவாதமா சொல்றதுக்குக் காரணமே இதுதான், அந்தப் பதிலைத்தான் உங்க தாத்தாவுக்கும் சொன்னாங்க.

ஆனா அதை எதிர்த்தவங்க யாருன்னும் பாருங்க. வைக்கத்துல 1924-ல மகாதேவர் கோயிலைச் சுத்தின தெருவுல நடக்கற உரிமைக்குப் போராட்டம் நடந்தப்போ, நம்ம ஈரோட்டுல இருந்து பெரியார் போய் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனார். அதே போராட்டத்துக்குத் தன் மடத்தையே தொண்டர்களுக்குத் திறந்து விட்டவர் நாராயண குரு, காவி கட்டாட்டியும் துறவிதான், சிவனைப் பிரதிஷ்டை பண்ணினவர். அவரோட சீடர் சகோதரன் ஐயப்பன் இன்னும் சுவாரசியமானவர். 1917-ல கேரளாவுல செறாயில, தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட புலையர் மக்களோட உக்காந்து சமபந்தி சாப்பிட்டார், அதுக்காக புலையன் ஐயப்பன்னு ஏசினாங்க, அவர் அதைப் பெருமையா எடுத்துக்கிட்டார். குரு, மனுஷனுக்கு ஒரு ஜாதி ஒரு மதம் ஒரு தெய்வம்னு சொன்னவர். சீடர் அதையே மாத்தி, ஜாதி வேண்டாம் மதம் வேண்டாம் தெய்வம் வேண்டாம்னு ஊர் ஊரா பேசினார். குரு அவரை ஒதுக்கல, சபிக்கல, கடைசி வரைக்கும் பாசமாத்தான் இருந்தார். சாமி இருக்கா இல்லையாங்கறதுல எதிர் எதிர் பக்கம், புலையர் பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுல ஒரே பக்கம்.

மதுரையில 1939 ஜூலை 8-ல மீனாட்சி கோயிலுக்குள்ள ஆலயப் பிரவேசம் நடத்தின வைத்தியநாத ஐயர் பக்தர்தான். வடலூர்ல 1867-ல தருமச்சாலை ஆரம்பிச்சு ஜாதி பார்க்காம சோறு போட்ட வள்ளலாரும் சாமியைப் பாடினவர்தான். அதனால அய்யா, மதம் பேசறவங்க எல்லாரையும் கேட்டே ஆகணும்னு நான் சொல்லல. யாரோட வாயில இருந்து வருதுன்னு பார்க்காம, சொல்றது யாரை நசுக்குது யாரை நிமிர்த்துதுன்னு பாருங்க. நசுக்கினா சாமி பேரைச் சொன்னாலும் எதிர்த்து நில்லுங்க, நானும் உங்க கூட நிப்பேன்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, சார் சாமி இருக்கா இல்லையான்னு வகுப்புல கேட்டுட்டா. என்ன சொல்றது?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

உண்மையைச் சொல்லுங்க, ஆனா சுருக்கமா. எனக்கு நம்பிக்கை இல்லம்மா, உங்க வீட்டுல நம்பறாங்க, ரொம்பப் படிச்சவங்கள்லயும் ரெண்டு வகையும் இருக்காங்க, நீ வளர வளர யோசின்னு சொன்னா போதும். முழுக்க அரசு பணத்துல நடக்கற பள்ளியில மதபோதனை கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 28வது பிரிவு சொல்லுது, என்னைக் கேட்டா நாத்திக போதனைக்கும் அதே மரியாதையைக் குடுக்கணும். அறிவியல் மனப்பான்மையை வளர்க்கறது குடிமக்களோட கடமைன்னு 51-ஏ சொல்றது நிஜம்தான், கிரகணம் எப்படி வருது, அம்மைக்குத் தடுப்பூசி ஏன்னு நல்லா சொல்லிக்குடுங்க, அது உங்க வேலை. அந்தப் பொண்ணு சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கேத்தும்போது சார் சிரிப்பாரோன்னு நினைக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

கேரளாவுல யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த மூணு பிள்ளைங்களை 1985-ல ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க, தேசிய கீதம் பாடலன்னு. பிள்ளைங்க மரியாதையா எழுந்து நின்னாங்க, ஆனா பாடல, எங்க விசுவாசம் இதுக்கு இடம் தரலன்னு. 1986 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவங்களை மறுபடி சேர்க்கச் சொன்னார். நம்ம மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையைத்தான் கத்துக்குடுக்குது, அதை நீர்த்துப் போக விடக் கூடாதுன்னு தீர்ப்பை முடிச்சார். அந்தப் பிள்ளைங்களோட நம்பிக்கை சரியான்னு அவர் சோதிக்கல, அது நிஜமான நம்பிக்கையான்னுதான் பார்த்தார். வகுப்புல உங்களுக்கும் அந்த அளவுகோல் உதவும் சார்.

கேள்வி: ஒரு சொத்து வழக்குல சாட்சி சொல்லப் போறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கடவுள் மேல சத்தியம் பண்ணச் சொன்னா என்ன பண்றது? மறுத்தா ஜட்ஜ் தப்பா நினைப்பாரா?
- வாசகி, அம்பத்தூர்

நினைக்க மாட்டார், கவலைப்படாதீங்க. 1969-ஆம் வருஷத்து உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பேரால சத்தியம் பண்றதுக்குப் பதிலா உளமார உறுதி சொல்றேன்னு சொல்லலாம், எதைச் சொல்றதுங்கறது சாட்சியோட விருப்பம். ரெண்டுக்கும் ஒரே மதிப்பு, பொய் சொன்னா ரெண்டுக்கும் ஒரே தண்டனை. டிவியில மந்திரிங்க பதவியேற்கறதைப் பார்த்திருப்பீங்க, சிலர் ஆண்டவன் பேரால சொல்வாங்க, சிலர் உளமார உறுதி கூறுகிறேன்ம்பாங்க, அரசியல் சட்டத்தோட மூன்றாவது அட்டவணையிலயே ரெண்டுக்கும் இடம் விட்டிருக்கு. கூண்டுல ஏறினதும் பெஞ்ச் கிளார்க் வழக்கமா சொல்ற வாசகத்தைச் சொல்வார், நீங்க பணிவா, நான் உறுதிமொழி எடுத்துக்கறேன்னு சொன்னா அவரே மாத்திச் சொல்வார். உங்க வக்கீல்கிட்ட முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க.